இடப்பக்கம் இழுத்தது கார்தான்

அன்புள்ள நிரூபனுக்கு,

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொலைபேசியில் நான் பேசத் தொடங்கினால் மூன்றாவது வசனத்தில் நீ இடைமறிப்பாய். "அம்மா, லிசின்" என்பாய். அதற்குப் பிறகு நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். தமிழை நீ சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லது, மெதுவாகவே வாசி. நீ குறுக்கே பேச முடியாத ஓர் இடத்தில் உன்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வேறு ஒன்றும் எழுத வரவில்லை, ஆகவே இதைத்தான் கொடுக்கப்போகிறேன். உனக்கு வந்த கடிதத்தை எங்கள் செவன் கிங்ஸ் பகுதியில் பாதிப் பேர் வாசிப்பார்கள். கோபிக்காதே. அவர்களில் எத்தனையோ பேருடைய கார்ச் சாவி இப்போது பிள்ளைகளின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

வருகிற மாசியில் எனக்கு எழுபது வயது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய வயது. உன் அப்பா வாங்கிய அந்த வெள்ளி நிறக் காருக்குப் பதினெட்டு வயது. அவர் போய் ஆறு வருடமாகிறது, கார் என்னோடு இருக்கிறது. அது எதற்கு எனக்கு என்று நீ கேட்டாய். கடைக்கு நடந்து போகலாம், கோயிலுக்குப் பஸ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக் கமலாவை நீ மறந்துவிட்டாய். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராக வேலை பார்த்து, தனியாகவே ஓய்வுபெற்றவள். ஒன்றரை வருடமாக வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வாகனம் வரும்தான், ஆனால் அது ஊரெல்லாம் ஆள் ஏற்றி இறக்கிச் சுற்றித்தான் வீடு வந்து சேரும். ஒருநாள் சிகிச்சை முடிந்து, நிற்கவும் தெம்பில்லாமல், இரண்டு மணி நேரம் அந்த வாகனத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். அதை அவள் எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு வாகனமும் சாரதியும் நான்தான்.

முதல் சம்பவம் ஒக்டோபரில் நடந்தது. மழை விட்ட ஒரு காலை, வீட்டிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில், பெரிய வீதியிலிருந்து ஒரு பக்கத் தெருவுக்குள் இடது பக்கம் திரும்பினேன். காரில் ஒரு வளைவை எடுத்த பிறகு கையைச் சற்றுத் தளர்த்தினால் போதும், ஸ்டீயரிங் தானாகவே வழுக்கிக்கொண்டு நேருக்கு வந்துவிடும். உனக்கும் அது தெரியும், யோசிக்காமல் செய்கிற காரியம். அன்று அது வரவில்லை. திருப்பிய இடத்திலேயே நின்றது. நான் இழுத்தேன், ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு வந்தது. அதற்கிடையில் ஓரமாக நின்ற ஒரு காரின் பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. என் பெயரையும் இலக்கத்தையும் எழுதி அதன் வைப்பருக்குக் கீழே செருகிவிட்டு வந்தேன். அன்று உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். சற்றுத் தள்ளியிருந்த ஒரு கராஜில் காரைக் கொடுத்தேன். அங்கிருந்த பையன் முன் டயர் இரண்டையும் மாற்றி, சில்லுகள் நான்கும் நேராகச் சுற்றுகின்றனவா என்று சரிபார்த்து, ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, காரில் ஒரு பிழையும் இல்லை என்றான். பிறகு மிகவும் மரியாதையாக என் வயதைக் கேட்டான்.

இரண்டாவது நவம்பரில். இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலை. கமலா பக்கத்தில் இருந்தாள். மறுபடியும் இடது பக்கத் திருப்பம், மறுபடியும் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டது. கார் நடைபாதையில் ஏறியது. அங்கே பஸ் தரிப்பில் குழந்தை வண்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். வண்டியை அவள் பின்னுக்கு இழுத்த வேகத்தில்தான் அந்தக் குழந்தை தப்பியது. நான் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது இடையில் ஒரு கை நீளம்கூட இல்லை. அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். என் முகத்தை, என் நரைத்த தலையைப் பார்த்தாள், "ஓ" என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் காரை அங்கேயே ஓரமாகப் பூட்டி வைத்துவிட்டுக் கமலாவை ஒரு மினிகப்பில், வாடகைக் காரில், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் காரை ஆமை வேகத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார். அவர் ஓடும்போது அது ஒரு சேட்டையும் விடவில்லை. அதுவும் எனக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மில்டன் கீன்ஸில் உன் வீட்டிலிருந்து வந்தாய். வந்ததும் எனக்குத் தேத்தண்ணி போட்டாய். பிறந்ததிலிருந்து எனக்குத் தேத்தண்ணி போடாத பிள்ளை போட்டுத் தந்தபோதே ஏதோ வருகிறது என்று தெரிந்துவிட்டது.

"அம்மா, பிளீஸ். இனி கார் ஓடாதேங்கோ" என்றாய்.

"கார் நேர வரேல்லையடா. நான் திருப்பினனான், அது வரேல்லை."

"கராஜிலை செக் பண்ணினவங்கள்தானே? ஒண்டும் இல்லை எண்டு சொன்னவங்கள். அம்மா, திஸ் இஸ் நோர்மல். உங்கடை வயசிலை ரியாக்‌ஷன் குறையும். நாளைக்கு ஒரு பிள்ளையிலை அடிச்சால் உங்களாலை தாங்க ஏலுமோ?"

சாவியை நானே எழும்பி எடுத்து உன் கையில் வைத்தேன். நீ பறித்தாய் என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் வாங்கும்போது உன் முகத்தில் தெரிந்த ஆறுதல் இருக்கிறதே, அது என்னைச் சுட்டது. ஒரு பிரச்சினை முடிந்துவிட்டது என்ற ஆறுதல். அந்தப் பிரச்சினை நான்.

நீ போன பிறகு நான் என்ன செய்தேன் என்று இதுவரை கேட்கவில்லை. கேள். முதலில் நான் என்னையே சோதித்தேன். நீ நினைத்தது சரியாக இருக்கலாம் என்று நானும் நினைத்தேன். கண் பரிசோதனைக்குப் போனேன். தூரத்துக் கார் இலக்கத் தகட்டைக் கண்ணாடியோடு தெளிவாக வாசிக்கிறேன் என்று எழுதித் தந்தார்கள். டொக்டரிடம் போனேன். கையைத் தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார். ஞாபக சக்தியையும் பாருங்கள் என்று நானே கேட்டேன். ஒரு கடிகாரத்தை வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னார். நொடி முள்ளையும் சேர்த்து வரைந்து கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "உங்களில் நான் தேடுவதற்கு ஒன்றும் இல்லை" என்றார். வெளியே வந்து பஸ்ஸில் இருந்தபோதுதான் எனக்குக் கோபம் வரத் தொடங்கியது. என்னில் ஒன்றும் இல்லை என்றால், பிறகு எதில்?

கோபத்துக்குத் திரி வைத்தவள் கமலா. அவளுக்கு மினிகப் பிடித்துக் கொடுக்க அடுத்த முறை நான் போனபோது, "நீ வண்டி ஓட்டுறத விட்டது எனக்குப் பிடிக்கல" என்றாள்.

"இன்னொருதரம் நடந்தால், கமலா?"

"நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன் லா. உன் கை வலது பக்கம் இழுக்குது. வண்டி இடது பக்கம் போவுது. ஆமா, என் கண்ணால பாத்தேன். உன் மகன் என்னை ஒரு வார்த்த கேட்டானா?"

நீ கேட்கவில்லை. காரின் உள்ளே இருந்த ஒரே சாட்சி அவள். கிட்னி பழுதான கிழவி என்று அவளையும் கணக்கில் எடுக்காமல் விட்டாய்.

பத்தொன்பது வருடம் நான் பெற்றோல் நிலையத்துக் கவுன்டரில் நின்றவள், அதையும் நீ மறந்துவிட்டாய். நீ அப்போது சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், நான் ஷிப்டுக்குப் போய் வந்தது உனக்குச் சுவரில் மணிக்கூடு ஓடுவதுபோல. அங்கே வந்து நின்றவர்கள் சிகரெட்டும் பாலும் மட்டும் வாங்கவில்லை. கார் இழுக்கிறது, கார் நடுங்குகிறது என்று முறையிட்டார்கள். முதலில் காற்றைப் பார் என்பேன், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுக்கிறதா, எப்போதுமா என்று கேட்பேன். ஓடி வந்த பிறகு ஒரு பக்கச் சில்லு மட்டும் சுடுகிறதா, அப்படியென்றால் அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேகம் கூடும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் சில்லின் எடை சமன் இல்லை. எனக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. கராஜுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் என்ன பிழை என்று சொல்லிவிட்டுப் போவார்கள், நான் மனதில் வைத்துக்கொள்வேன்.

அப்படியே உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதினேன். டயர் புதிது, காற்று சரி. பிரேக் போடாதபோதுதான் நடந்தது, ஆகவே பிரேக் இல்லை. இரண்டு தடவையும் கார் ஒன்றிரண்டு நாள் வெளியே மழையில் நின்ற பிறகு. இரண்டு தடவையும் வீட்டிலிருந்து புறப்பட்டுப் பத்து நிமிடத்துக்குள். இரண்டு தடவையும் இறுக்கமான திருப்பத்துக்குப் பிறகு. இந்த நாட்டில் இறுக்கமான திருப்பம் என்றால் இடது பக்கம்தான். கராஜ் பையன் ஓடிப் பார்த்தது எப்போது? நான் அரை மணி நேரம் நெரிசலில் ஓடிக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு. பக்கத்துத் தெருக்காரர் ஓடியதும் அன்று அது ஓடிச் சூடான பிறகுதான். அந்த வரியை எழுதியதும் நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். என் வயது மழைக்குக் கூடி, பத்து நிமிடம் ஓடினதும் குறைகிறதா?

உன் அப்பாவின் சாவி என்னிடம் இருந்தது. ஓம், இரண்டாவது சாவி. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஒரு காலையில் காரில் ஏறி, கியரைப் போடாமல் என்ஜினை மட்டும் ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை மிக மெதுவாகச் சுற்றினேன். இரண்டு விரலால்தான். இலேசாகப் போய்க்கொண்டே இருந்தது, திடீரென்று இறுகியது, பிறகு விட்டது. மறுபடியும் இறுகியது, விட்டது. இறுகிய இடத்திலெல்லாம் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டினேன். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு இடம், ஒன்றுக்கு நேர் எதிரே மற்றது. எத்தனை முறை சுற்றினாலும் அதே இரண்டு இடம். நிரூபன், வயதான கை கண்ட கண்ட இடத்தில் தளரும். இப்படி அளந்து வைத்ததுபோல எதிரும் புதிருமாகத் தளராது.

அடுத்த சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. ஓர் இளம் தம்பதி, அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் இருக்கும். காரைப் பார்க்க வந்தார்களாம். நீ இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்தப் பையன் தன் போனில் எனக்கு வாசித்தும் காட்டினான்: ஒரு முதிய பெண்மணி கவனமாக ஓட்டிய கார், நல்ல நிலையில். அந்தக் கவனமான முதிய பெண்மணி வாசலில் நின்று, "இது விற்பனைக்கு இல்லை, இதன் ஸ்டீயரிங்கில் பிழை இருக்கிறது, தரச் சொல்லிக் கேட்டாலும் தர மாட்டேன்" என்றாள். அவர்கள் குழம்பிப்போய்த் திரும்பினார்கள். நீ ஏமாற்ற நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பழுது காரில் இல்லை, அம்மாவில்தான் என்று நீ முழு மனதோடு நம்பினாய். அந்த நம்பிக்கையில் ஒரு பிள்ளைத்தாச்சியை அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏற்றி அனுப்பப் பார்த்தாய். என்னைப் பற்றி நீ நினைத்ததை நான் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க மாட்டேன். கார் என் பெயரில் இருக்கிறது. விளம்பரத்தை அன்றே எடுக்கச் சொன்னேன், எடுத்தாய். ஏன் என்று நீ கேட்டபோது "பிறகு சொல்லுறன்" என்று போனை வைத்தேன். இதுதான் அந்தப் பிறகு.

திங்கட்கிழமை காரை ட்ரக்கில் ஏற்றி ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஓடிக்கொண்டு போகவில்லை, கவனி. பிழை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை வீதியில் ஓட எனக்கு உரிமை இல்லை. கராஜ்காரர் சிவராசா, ஐம்பது வயதிருக்கும், ஊரில் எங்கள் பக்கத்து ஆள். நான் கொப்பியை நீட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, மகன் ஆரும் இருந்தால் வரச் சொல்லுங்கோவன், அவரோடை கதைப்பம்" என்றார்.

"மகன் இருக்கிறார். அவருக்குக் கார் தெரியாது. என்னோடை கதையுங்கோ, தம்பி. முன் சில்லு ரெண்டையும் நிலத்திலையிருந்து உயர்த்துங்கோ. என்ஜினை ஓட விடாதேங்கோ. கையாலை சுத்திப் பாருங்கோ. நாடா ஒட்டின ரெண்டு இடத்திலையும் பிடிக்கும்."

காரை உயர்த்தினார். சுற்றினார். நாடா வந்த இடத்தில் அவருடைய கை நின்றது. இன்னொருமுறை சுற்றினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் முந்தி எங்கை வேலை செய்தனீங்கள்?"

"பெற்றோல் செட்டிலை. சில்லறை குடுத்தனான்."

ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டு நேராகச் சில்லுகளுக்குப் போவதில்லை, வழியில் மடிய வேண்டும். அந்த மடிப்பில் முழங்கை மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. அதைக் கழற்றி எடுத்து என் கையில் வைத்தார். தண்ணீர் போய் உள்ளே துருப்பிடித்து, ஒரு பக்கம் மடிந்தது, மறுபக்கம் மடியவே இல்லை. நான் இரண்டு கையாலும் முயன்றேன், அவரும் முயன்றார். ஓடிச் சூடானால் கொஞ்சம் இளகும், மழையில் நின்றால் இறுகும் என்றார். "இதைத் தேடிப் பாத்தால்தான் தெரியும். முதல் பாத்த பெடியனிலை முழுப் பிழையும் சொல்ல ஏலாது அக்கா. ஆனால் உங்களிலை ஒரு பிழையும் இல்லை" என்றார். அந்தக் கராஜின் எண்ணெய் நாற்றத்துக்குள் நின்று நான் அழுதேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அழுதேன் என்று அவருக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். வென்றதற்காக அழவில்லை. அந்தத் துருப்பிடித்த இரும்பைக் கையில் வைத்திருந்தபோது உன் பத்தொன்பது வயது முகம் எனக்கு முன்னால் வந்தது. அப்பாவின் பழைய டெலிவரி வானை எடுத்துக்கொண்டு போய், வான்ஸ்டெட் பக்கம் ஒரு வளைவில் யாரோ ஒருவரின் மதிலில் மோதினாய். நெற்றியில் இரத்தத்தோடு சமையலறையில் நின்று, "அம்மா, ஸ்டீயரிங் திரும்பேல்லை. சத்தியமா திரும்பேல்லை" என்றாய். அப்பா கத்தினார். அதை நீ மறந்திருப்பாய், அவர் எதற்கும் கத்துகிறவர். நான் கத்தவில்லை. காயத்தைத் துடைத்துக்கொண்டே, "பொய் சொல்லாதை. போன் பாத்துக்கொண்டு ஓடினனி" என்றேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் நீ ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. அந்த வானை ஒருவரும் உயர்த்திப் பார்க்கவில்லை, ஒரு வாரத்துக்குள் பழைய இரும்புக்கு நசுக்கக் கொடுத்துவிட்டோம்.

நீ சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இனி ஒருபோதும் தெரியவராது. உண்மையாக இருந்திருக்கும் என்று இப்போது சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த நான் வரவில்லை, அதுவும் ஒரு பொய்யாகிவிடும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பார், செக் பண்ணு என்று சொன்ன நான், என் பிள்ளை சொன்னதை மட்டும் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னேன். இளம் பெடியன், கவனம் இருக்காது என்று முடிவு கட்டினேன். நீ, கிழவி, கவனம் இருக்காது என்று முடிவு கட்டினாய். நீ என்னிடம்தானே வளர்ந்தவன். அந்த வானுக்காக என்னை மன்னி. ஆனால் அந்த மன்னிப்புக்கு ஈடாகச் சாவியைத் தருவேன் என்று எதிர்பார்க்காதே. இரண்டும் வேறு வேறு கதை.

புது மூட்டுப் போட்ட பிறகும் நான் உடனே கமலாவை ஏற்றவில்லை. வயதானவர்களின் ஓட்டத்தைச் சோதிக்கிற ஓர் இடத்துக்கு நானே எழுதிக் கேட்டுப் போனேன். ஓர் ஆங்கிலப் பெண் என் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தாள். இவ்வளவு நாளில் என் கையையும் காலையும் பார்த்து, வயதைப் பிறகு கேட்ட முதல் ஆள் அவள்தான். அவள் சொன்னதில் எனக்குப் பிடிக்காததையும் எழுதுகிறேன்: இடது பக்கக் கண்ணாடியைப் பிந்திப் பார்க்கிறேன், பெரிய ரவுண்டபவுட்டில் தேவைக்கு மேல் தயங்குகிறேன். இரண்டும் உண்மை. இரண்டையும் திருத்திக்கொண்டிருக்கிறேன். இருட்டில் ஓட மாட்டேன் என்று நானே முடிவு செய்துவிட்டேன். மற்றப்படி ஓடலாம் என்று கையெழுத்து வைத்துத் தந்தாள். ஒவ்வொரு வருடமும் போவேன். ஒருநாள் அவளோ, அவள் இடத்தில் வேறு யாரோ, "இனிப் போதும்" என்று சொல்வார்கள். அன்று நான் சாவியை மேசையில் வைப்பேன், வாய் திறக்க மாட்டேன். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். பிறந்த திகதியை மட்டும் பார்த்துவிட்டு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், நீயும்தான்.

இனி உனக்கும் வயது போகும், நிரூபன். உன் முடியில் வெள்ளை விழுந்ததைத் தேத்தண்ணி போட்ட அன்று பார்த்தேன். வேலையிடத்தில் ஏதாவது பிசகினால் எல்லாரும் உன் பக்கம் திரும்பிப் பார்க்கிற காலம் வரும். அப்போது பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொள்ளாதே. முதலில் உன்னைச் சோதித்துப் பார், நேர்மையாகச் சோதி. உன்னில் இல்லை என்று தெரிந்தால், எங்கே இருக்கிறதோ அதைக் கண்டுபிடிக்கும் வரை இருக்கையை விட்டு எழும்பாதே. எவ்வளவு மரியாதையாக எழும்பச் சொன்னாலும், தேத்தண்ணி தந்து சொன்னாலும், எழும்பாதே.

கமலா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டாள். பத்து நிமிடத்தில் அவளுடைய வாசலில் இறக்கினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்படுவேன். எம் இருபத்தைந்து நெடுஞ்சாலையில் ஏறி, பிறகு எம் ஒன்றில். கமலாவும் வருகிறாள், உன் வீட்டை அவள் பார்த்ததில்லையாம். கூட்டிக்கொண்டு போக வருகிறேன் என்று எனக்குப் போன் எடுக்காதே, ஓடும்போது நான் போன் தூக்குவதில்லை. பதினொன்றரைக்கு வாசலுக்கு வந்து நில். உன் காரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி விட்டிரு, நான் உள்ளே விட வேண்டும்.

அம்மா